கொழும்பில் வரியும் தண்டப்பணமும் கட்டுவது எப்படி? புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்ததும் பலர் பணத்தைப் புரட்டிக்கொண்டு நேரே வங்கிக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் அந்தக் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும். வரி கட்டுவதில் பணம் போய்ச் சேர்வது பாதி வேலைதான். அது உங்கள் பெயரில், சரியான வரியின் கீழ், சரியான ஆண்டுக்குப் பதிவாவது மற்றப் பாதி. இந்த இரண்டாவது பாதியில் பிழை விட்டவர்களுக்குத்தான், காசு கட்டிய பிறகும் நிலுவைக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது.

கொழும்பில் வேலைக்கோ தொழிலுக்கோ வந்து, முதற்தடவையாக இந்த வேலையில் இறங்குபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பெரும்பகுதி வருமான வரியைப் பற்றியது. மாநகர சபை வரியும் வீதித் தண்டப்பணமும் கடைசியில் வருகின்றன.

முதலில் கடிதம்

கடிதத்தின் திகதியையும் அது உங்கள் கைக்கு வந்த திகதியையும் உறையிலேயே குறித்து வையுங்கள். ஆட்சேபிக்க வேண்டி வந்தால் நாட்கணக்கு முக்கியம். பிறகு, வந்திருப்பது நினைவூட்டலா, மதிப்பீட்டு அறிவித்தலா, தண்டப்பண அறிவித்தலா என்று தலைப்பைப் பாருங்கள். நினைவூட்டல் என்றால் நீங்கள் ஏற்கெனவே கட்டியது பதிவாகாமலும் இருக்கலாம். பற்றுச்சீட்டைத் தேடி எடுத்த பிறகே அடுத்த அடி. மதிப்பீட்டு அறிவித்தல் என்றால் திணைக்களம் உங்கள் வரியைக் கணித்துவிட்டது என்று பொருள். அதில் வரி எவ்வளவு, தண்டம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியே பார்க்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுபவர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய கழிவு விடுபட்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

அந்தக் கழிவுகளில் இரண்டு மிகவும் சாதாரணமானவை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரிக்கு வேலைகொள்வோர் டீ 10 என்ற சான்றிதழ் தர வேண்டும். நிலையான வைப்பின் வட்டியில் வங்கி பிடித்த முற்பண வரிக்கு வங்கியிடம் சான்றிதழ் வாங்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அதற்கு முன் 5 சதவீதம். இவை இரண்டும் நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரி. இவற்றைக் கழிக்காமல் கட்டினால் ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை கட்டியதாகிவிடும்.

பணம் சரியான இடத்தில் விழுவதற்கு மூன்று இலக்கங்கள்

முதலாவது உங்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம். எல்லோரும் டின் இலக்கம் என்றே சொல்வார்கள். ஒன்பது இலக்கங்கள் கொண்டது. இது தேசிய அடையாள அட்டை இலக்கம் அல்ல. வற் வரிக்குப் பதிந்தவர்களின் வற் இலக்கத்தில், இந்த ஒன்பதுக்குப் பின்னால் 7000 என்று ஒட்டியிருக்கும். டின் கேட்கும் இடத்தில் முதல் ஒன்பதை மட்டும் கொடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கடை நடத்தினாலும் ஆளுக்கொரு டின்தான். ஒருவருடைய வரியை மற்றவருடைய இலக்கத்தில் கட்டுவது கொழும்பில் அடிக்கடி நடக்கும் பிழை. வங்கிக் கணக்கு யாருடையது என்பது இங்கே பொருட்டில்லை, எந்த டின்னைக் கொடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு.

இரண்டாவது வரி வகைக் குறியீடு. தனிநபர் வருமான வரிக்கு 05, கம்பனி வருமான வரிக்கு 02. தனிநபராக வியாபாரம் செய்பவர் "வியாபாரம்தானே" என்று கம்பனிக்குரிய 02ஐப் போட்டால் பணம் திணைக்களத்தில் இருக்கும், உங்கள் நிலுவையும் அப்படியே இருக்கும்.

மூன்றாவது காலக் குறியீடு. இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். இலங்கையில் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2024/2025 ஆண்டுக்கான குறியீடு 2425 என்று தொடங்கும். ஆண்டு வரியை நான்கு தவணைகளாகவும், மிஞ்சுவதை இறுதி மீதியாகவும் கட்ட வேண்டும். குறியீட்டின் கடைசியில் வரும் ஓர் இலக்கம் எந்தத் தவணை என்பதைச் சொல்லும். முதல் தவணைக்கு 24251, நான்காவதற்கு 24254, ஆண்டின் இறுதி மீதிக்கு 24250. 2025 ஆகஸ்டில் கட்டுவதால் 2024/2025ஐப் போடலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. கூடாது. 2025 ஆகஸ்டில் கட்டும் முதல் தவணை 2025/2026க்கு உரியது. அதே 2025 செப்டெம்பரில் கட்டும் இறுதி மீதி 2024/2025க்கு உரியது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளுக்குக் கட்டுகிறீர்கள். கடிதத்திலோ பணம் செலுத்தும் சீட்டிலோ குறியீடு அச்சாகியிருந்தால் அதையே அப்படியே போடுங்கள், மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

எந்தத் திகதிக்குள்

தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. இறுதி மீதி செப்டெம்பர் 30. ஆண்டு வருமானத்தையும் வரியையும் திணைக்களத்துக்குக் காட்டும் வருமான விபரத்திரட்டு நவம்பர் 30.

கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் விடும் பிழைகளில் மிகவும் செலவு கூடியது. "விபரத்திரட்டு நவம்பரில்தானே, அப்போது கணக்குப் பார்த்துக் கட்டலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். மீதி வரி அதற்கு இரண்டு மாதம் முன்னரே கட்டியிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, உரிய திகதியிலிருந்து 14 நாட்களுக்குள்ளும் கட்டாவிட்டால் கட்டாமல் விட்ட தொகையில் 20 சதவீதம் தண்டம். தவணை என்றால் 10 சதவீதம். இதற்கு மேல் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும்.

கணக்காகப் பார்ப்போம். செப்டெம்பர் 30இல் கட்ட வேண்டிய மீதி 2 இலட்சம் ரூபா. அதை விபரத்திரட்டோடு சேர்த்து நவம்பர் 30இல் கட்டுகிறீர்கள். தண்டம் 40,000 ரூபா, இரண்டு மாத வட்டி ஏறத்தாழ 6,000 ரூபா. வரியைத் தவிர 46,000 ரூபா, திகதியைக் குழப்பியதற்காக மட்டும்.

இதே கணக்கில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. கட்டாமல் விட்ட பகுதிக்கு மட்டுமே தண்டம். முழுத் தொகையும் கையில் இல்லாவிட்டால், இருப்பதை அந்த 14 நாட்களுக்குள் கட்டிவிடுங்கள். 2 இலட்சத்தில் ஒன்றரை இலட்சத்தை உரிய நேரத்தில் கட்டினால் 20 சதவீதம் மீதி 50,000க்குத்தான், அதாவது 10,000 ரூபா. "முழுசாகச் சேர்ந்ததும் கட்டுவோம்" என்று ஒத்திப்போடுவது நான்கு மடங்கு தண்டத்தில் முடியும்.

விபரத்திரட்டைப் பிந்தி அனுப்புவதற்குத் தனித் தண்டம் இருக்கிறது. வரியின் 5 சதவீதமும் மாதத்துக்கு 1 சதவீதமும் ஒரு கணக்கு. 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும் இன்னொரு கணக்கு. இரண்டில் எது கூடவோ அது, உச்சம் 4 இலட்சம். வரியை முழுதாகக் கட்டியவரும் விபரத்திரட்டு அனுப்பத்தான் வேண்டும். பணம் போனதும் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்த 50,000 வந்து விழுகிறது.

இணைய வங்கி மூலம் கட்டுதல்

இன்று இதுவே நல்ல வழி. திணைக்களத்தின் இணையவழி வரிக் கொடுப்பனவு மேடையில் இலங்கையின் பெரும்பாலான வணிக வங்கிகள் இணைந்திருக்கின்றன. இரவு, ஞாயிறு, போயா தினம் எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

உங்கள் வங்கியின் இணையத்தளத்திலோ கைபேசிச் செயலியிலோ நுழையுங்கள். கொடுப்பனவுப் பகுதியில் அரச கொடுப்பனவு அல்லது வரிக் கொடுப்பனவு என்று இருக்கும். ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. மின்சாரக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் இருக்கும் பட்டியலில் தேடிக் களைத்துப்போகாமல் அரச நிறுவனங்களுக்கான தனிப்பிரிவைப் பாருங்கள். அதில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைத் தெரிவு செய்து, டின், வரி வகை, காலம், தொகை என்பவற்றைக் கொடுக்க வேண்டும். உறுதிப்படுத்தும் திரை வந்ததும் விரலை எடுத்துவிட்டு, கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகுதான் ஒருமுறைக் கடவுச்சொல்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, நாளாந்தப் பரிமாற்ற எல்லை. கணக்கில் 5 இலட்சம் இருந்தாலும் ஒருநாள் எல்லை 2 இலட்சமாக இருந்தால் பணம் போகாது. எல்லையைக் கூட்டச் சில வங்கிகள் ஒரு வேலைநாள் எடுக்கும், ஆகவே இறுதித் திகதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டு, பாதியில் திரை உறைந்துபோவது. உடனே திரும்பக் கட்டாதீர்கள். கணக்கின் பரிமாற்ற வரலாற்றைத் திறந்து பணம் கழிந்ததா என்று பார்த்த பிறகே மறுபடி முயல வேண்டும். மூன்று, சாதாரண கணக்கு மாற்றலாக அனுப்புவது. யாரோ தந்த கணக்கு இலக்கத்துக்கு "வருமான வரி" என்று குறிப்பெழுதிப் பணம் மாற்றினால் அதில் டின்னும் குறியீடும் போகாது.

பணம் போனதும் உறுதிப்படுத்தல் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும். திணைக்களத்தில் பதிந்திருக்கும் கைபேசி இலக்கம் பழையதென்றால் அது வேறு யாருக்காவது போகும், முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். வங்கி தரும் பற்றுச்சீட்டைப் பீடிஎப் ஆகச் சேமித்து, பெயரில் ஆண்டையும் தவணையையும் எழுதி வையுங்கள். திரைப்பிடிப்பு மட்டும் போதாது, அதில் பரிமாற்ற இலக்கம் வெட்டுப்பட்டுவிடும்.

இலங்கை வங்கிக் கிளையில் கட்டுதல்

இணைய வங்கி இல்லாதவர்கள் இலங்கை வங்கியின் கிளைக்குப் போகலாம். பணம் செலுத்தும் சீட்டு கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பனித்தெரு, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள திணைக்களத் தலைமையகத்திலோ பிராந்திய அலுவலகத்திலோ வாங்கலாம். அதே மூன்று இலக்கங்களையும் கட்டம் கட்டமாக, வெட்டுக்குத்து இல்லாமல் நிரப்புங்கள். ஒரு சீட்டில் ஒரு வரி, ஒரு காலம் மட்டும். இரண்டு தவணை பாக்கியென்றால் இரண்டு சீட்டு.

காசோலை என்றால் உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்தின் பெயருக்குக் குறுக்குக் கோடிட்டு எழுதி, பின்புறத்தில் டின்னையும் தொடர்பு இலக்கத்தையும் எழுதுங்கள். காசோலை திரும்பினால் கட்டாததாகவே கணக்கு. இறுதி நாளன்று காசோலை கொடுப்பதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். முத்திரையிட்ட அடிக்கட்டையை வாங்காமல் கருமபீடத்தை விட்டு நகராதீர்கள். முத்திரையில் திகதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்றும் அங்கேயே நின்று பாருங்கள். மங்கலாக இருந்தால் திரும்பக் குத்தித் தருவார்கள்.

திணைக்கள வாசலில் "நான் கட்டித் தருகிறேன்" என்று வருபவர்களிடம் காசாகக் கொடுக்காதீர்கள். கணக்காளர் ஒருவர் உங்களுக்காகக் கணக்குப் பார்க்கலாம், விபரத்திரட்டை அனுப்பலாம். பணம் மட்டும் உங்கள் கையாலேயே, உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும்.

குறியீடு பிழைத்தால்

பணம் தொலைந்துவிடாது. ஆனால் தானாக இடம் மாறவும் மாறாது. உங்கள் கோப்பு இருக்கும் அலகுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த டின்னில், எந்தக் குறியீட்டின் கீழ், எந்தத் திகதியில், எவ்வளவு கட்டினீர்கள், அது எந்த வரிக்கு, எந்தக் காலத்துக்கு மாற்றப்பட வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். ஒப்படைக்கும்போது உங்கள் பிரதியில் கிடைத்த திகதி முத்திரை வாங்குங்கள். எந்த அலகு என்று தெரியாவிட்டால் 1944க்கு அழைத்து டின்னைச் சொன்னால் வழிகாட்டுவார்கள். மாற்றம் நடந்ததா என்று சில வாரங்கள் கழித்துப் பாருங்கள், ஒரு கடிதத்தோடு விட்டுவிடாதீர்கள்.

தொகையை ஏற்கவில்லை, அல்லது கட்ட வசதியில்லை

இவை இரண்டும் வேறு வேறு. மதிப்பீடு பிழையென்றால் அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் எழுத்தில் நிருவாக மீளாய்வு கோர வேண்டும். "கூடிப்போச்சு" என்று எழுதினால் பயனில்லை. எந்த வருமானம் இரண்டு முறை எண்ணப்பட்டது, எந்தக் கழிவு விடுபட்டது என்று தொகையோடு எழுதி, டீ 10, வட்டிச் சான்றிதழ், வங்கிக் கூற்று என்பவற்றை இணையுங்கள். நீங்கள் ஏற்றுக்கொள்ளும் பகுதியை உடனே கட்டிவிடுவது புத்திசாலித்தனம். அந்தப் பகுதிக்கு வட்டி ஏறாது.

வசதி இல்லையென்றால் காலநீடிப்புக் கேட்கலாம். நியாயமான காரணம் இருந்தால் ஆணையாளர் நாயகம் காலத்தை நீடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உரிய திகதிக்கு முன்பே விண்ணப்பியுங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களே ஒரு தொகையைச் சொல்லி, முதல் தொகையைக் கட்டிய பற்றுச்சீட்டையும் சேர்த்தால் கோரிக்கைக்குப் பலம் அதிகம். கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு மௌனமாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. திணைக்களத்துக்கு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அறவிடும் அதிகாரமும் இருக்கிறது.

மாநகர சபை வரி

வீட்டுக்கோ கடைக்கோ வரும் ஆதன வரி, சோலைவரி என்று ஊரில் சொல்வது, வேறு கணக்கு. டின் இங்கே தேவையில்லை, மதிப்பீட்டு இலக்கம் போதும். முதலில் நீங்கள் எந்தச் சபைக்குள் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்பு மாநகர சபைக்குள். வெள்ளவத்தையைத் தாண்டிப் பாலத்துக்கு அப்பால் தெகிவளை–கல்கிசை மாநகர சபை. இராஜகிரிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே மாநகர சபையோடு சேர்ந்தது. விலாசத்தில் கொழும்பு என்று எழுதுவதை வைத்து முடிவு செய்ய முடியாது.

வரி காலாண்டுக்கு ஒருமுறை. முழு ஆண்டுக்குரியதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு, ஒவ்வொரு காலாண்டையும் அதன் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். கையில் பணம் இருப்பவர்களுக்கு ஜனவரியில் கட்டுவதைவிட நல்ல பேரம் இல்லை. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரிலுள்ள நகர மண்டபத்திலோ இணையத்திலோ கட்டலாம். மாடிவீடு வாங்குபவர்கள் உறுதி எழுதுவதற்கு முன் கடைசிப் பற்றுச்சீட்டையும் நிலுவை இல்லை என்ற உறுதிப்படுத்தலையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பழைய நிலுவை வீட்டோடுதான் வரும்.

வீதித் தண்டப்பணம்

பொலிஸார் எழுதித் தரும் தண்டப் பத்திரத்தை 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்ட வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டால், அந்த 14 நாட்களுக்கும் தண்டப் பத்திரமே தற்காலிக அனுமதிப்பத்திரம். 14 நாள் தாண்டினால் இரட்டிப்புத் தொகை, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். கட்டிய பற்றுச்சீட்டோடு பத்திரத்தில் எழுதியிருக்கும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். வெளியூரில் பிடிபட்டால் அந்த ஊர் நிலையத்துக்கே போக வேண்டி வரும், விடுமுறை முடிந்து கொழும்பு திரும்புமுன் கட்டிவிடுவது நல்லது.

2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே என்ற அரச இணையவழிக் கொடுப்பனவு முறை இப்போது இதற்கும் வருகிறது. வங்கிச் செயலிக்குள் கவ்பேயைத் திறந்து, பொலிஸைத் தெரிவு செய்து, பத்திரத்திலுள்ள இலக்கத்தைக் கொடுத்துக் கட்டினால் அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெற முடியும். பத்திரம் எழுதும்போதே அந்த இடத்தில் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். தண்டம் பாக்கி, உடனே கட்டுங்கள் என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளைத் தொட வேண்டாம். கவ்பேயின் பெயரை வைத்து மோசடி நடக்கிறது. கட்டுவதென்றால் நீங்களாகவே வங்கிச் செயலியைத் திறந்து கட்டுங்கள். காகிதத் தண்டப் பத்திரம் கையில் இல்லாமல் கேட்கப்படும் எந்தத் தொகையையும், முதலில் பொலிஸ் நிலையத்தில் விசாரித்த பிறகே கட்ட வேண்டும்.